எங்க ஊருக்கு ஒரு ஸ்டேஜ் வேணும்

கட்சியில் எனக்குக் கிளைச் செயலாளர் பதவி கிடைத்தது கொள்கைப் பிடிப்பினால் அல்ல. என்னிடம் நாற்காலிகள் இருந்தன. நாடு முழுக்க நாற்காலிக்காக அடித்துக்கொள்கிறார்கள். நானோ அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, நாய் ஏறிப் படுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது என் தொழில். ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டியும் உண்டு. எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவர் மதுராந்தகத்துக்கே குடிபோய்விட்டதும், ஒன்றியச் செயலாளர் நேராக என் வாசலுக்கு வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"உன்னாண்ட சேர் கீது, வண்டி கீது, வாயும் கீது. ஒரு கட்சிக்கு வேற இன்னாப்பா வேணும்?"

அப்படித்தான் நான் அரசியலுக்கு வந்தேன்.

கட்சியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதவிதான் பெயர். அவர் 'ஒன்றியம்'. நான் 'கிளை'. "கிளை, டீ சாப்ட்டியா?" "ஒன்றியம் இன்னும் குளிக்கல, உக்காருங்க." இப்படித்தான் பேச்சு. என் மனைவிக்கு இது கேட்கக் கேட்கச் சிரிப்பு. நான் வீட்டுக்குள் நுழைந்தால், "கிளை வந்துட்ச்சி. காய் எதனா கீதா, வெறும் எலைதானா?" என்பாள்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் தலைமுறையில் நாற்று என்றால் நாற்காலி என்று எனக்குக் காதில் விழும். ஆண்கள் பெயின்ட் அடிக்கிறார்கள், ஒயரிங் செய்கிறார்கள், அணுமின் நிலையக் குடியிருப்பில் ஒப்பந்தத்துக்குப் புல் வெட்டுகிறார்கள். பெண்கள் பாதிப் பேர் நாவலூர்ப் பக்கம் அடுக்குமாடிகளிலும் ஆபீஸ்களிலும் ஹவுஸ்கீப்பிங். தெருவில் ஒரு பாதி சர்ச்சுக்குப் போகும், ஒரு பாதி அம்மன் கோயிலுக்குப் போகும். ஆகவே கட்சிக் கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டதற்குப் பிறகு, கறிக்குழம்பு கொதிப்பதற்கு முன்பு. அந்த இடைவெளியில் கொள்கையை முடித்துவிட வேண்டும். கொள்கை நீண்டால் குழம்பு ஜெயித்துவிடும்.

எதிர்க்கட்சிக்கும் ஊரில் கிளை உண்டு. அதன் செயலாளர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். அவர்கள் கூட்டத்துக்கும் நாற்காலி நான்தான் அனுப்புவேன். "உன் கட்சி சேர்ல உக்காந்துகினு உன் கட்சியத் திட்றதுல ஒரு சொகம் கீது மச்சான்" என்பான். வாடகை மட்டும் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

வாய் இருக்கிறது என்று ஒன்றியம் சொன்னாரே, அது பாதிதான் உண்மை. டீக்கடையில், கல்யாணப் பந்தலில், சாவு வீட்டில்கூட என் வாய்க்கு நல்ல பெயர். நான் பேச ஆரம்பித்தாலே ஆட்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஆனால் பெரிய மனிதர் எவராவது எதிரில் வந்து நின்று, "சொல்லுப்பா" என்றால் போயிற்று. நெஞ்சு ஜெனரேட்டர் மாதிரி அடித்துக்கொள்ளும். உள்ளங்கை நனையும். சொல்லவேண்டிய வாக்கியத்தின் முதல் சொல் தொண்டைக்குள் விழுந்துவிடும். மிச்சம் மட்டும் வெளியே வரும்.

பெண் பார்க்கப் போனபோதே இது நடந்தது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, "மாப்ள இன்னா பண்றீங்கோ?" என்றார். 'சாமியானா வாடகைக்கு விடறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே வந்தது "வாடகைக்கு விடறேன்" மட்டும். மாமனார் திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியார் எழுந்துபோய் இன்னொரு தட்டு மிக்சர் கொண்டுவந்தார். பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். நான் வாடகைக்கு விட்டிருக்கிற வீடுகள் எங்கே என்று என் மனைவி இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்த்தாள். மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாம் துடைக்கிற வேலை. காலையில் எட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். வாசலில் ஒரு மெஷின். விரலை வைத்தால் அது வந்த நேரத்தைச் சொல்லும். அந்த மெஷினிடம் என் மனைவியின் வாய் செல்லாது. அதுதான் அவளுக்குக் கோபம்.

நாவலூர் போகிற பஸ் எங்கள் ஊர் முனையைத் தாண்டித்தான் போகும். நிற்காது. அடுத்த ஊரில்தான் நிற்கும். கை காட்டினால் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, பின்னால் இன்னொரு பஸ் வருகிறது என்பதுபோல் சைகை காட்டுவார். பின்னால் மீன்வண்டிதான் வரும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து பிரேக்கும் இல்லை என்று தெருவில் ஒரு பேச்சு. ஒருநாள் கண்டக்டரிடம் என் மனைவி சண்டைக்குப் போனாள்.

"எல்லா ஊர்லயும் நிக்கிது, எங்க ஊரு மட்டும் இன்னா பாவம் பண்ச்சி?"

"உங்க ஊருக்கு ஸ்டேஜ் இல்லம்மா. ஸ்டேஜ் இல்லாத எடத்துல நிறுத்தினா எனக்கு மெமோ குடுப்பான். ஸ்டேஜ் வாங்கினு வா, தெனம் நிறுத்தறேன்."

ஸ்டேஜ் என்றால் பஸ் அதிகாரப்பூர்வமாக நிற்கும் இடம், டிக்கெட் விலை கணக்குப் போடுகிற இடம். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் அந்தச் சொல் மனப்பாடம் ஆயிற்று. குழாயடியில், மகளிர் குழுவில், சர்ச் வாசலில், "ஸ்டேஜ் மட்டும் வந்துட்டா" என்று பேசிக்கொள்வார்கள். ஏதோ மழை வரப்போகிற மாதிரி.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் நான் வண்டியில் அடுத்த ஊர் வரை கொண்டுபோய் விட்டுவிடுவேன். பின்னால் நாற்காலி ஏற்றும் இடத்தில் இன்னும் சில பெண்கள் நின்றுகொண்டு வருவார்கள். சிக்கல் முகூர்த்த நாளில். விடிகிற நேரத்தில் என் வண்டி ஏதாவது ஒரு கல்யாண வீட்டு வாசலில் நிற்கும். அன்றைக்கு அவர்கள் நடக்க வேண்டும். நடைபாதை இல்லாத சாலை. பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் சீறிக்கொண்டு போகும். நடந்து போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விடும். அடுத்ததைப் பிடித்தால் மெஷின் லேட் என்று சொல்லும்.

ஒரு ஆவணி மாதம் முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. அவளுக்கு லேட்டும் வரிசையாக வந்தது. மாசக் கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இதற்குமேல் லேட் ஆனால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம்.

அன்று மாலை வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கட்சி கட்சின்னு சுத்திகினு கீறியே, உன்னால ஒரு பஸ்ஸ நிறுத்த முடியுமா?"

"சாலை மறியல் பண்ணா நிறுத்தலாம்."

"தமாஷ் வேணாம். என் வேல போய்டும்யா. கொழந்தைங்க ஃபீஸ் அதுலதான் ஓடுது. உன் சேர்ல ஒண்ணியும் ஓடல."

நான் தமாஷை நிறுத்தினேன். வேலை போனால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். சொந்தச் சம்பளம் வந்த நாளிலிருந்து அவள் நடையே வேறு. அண்ணனிடம் பேசும்போதும் என்னிடம் பேசும்போதும் குரல் ஒரே உயரத்தில் நிற்கும். அது போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். ஃபீஸ் என்று சொன்னது அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான்.

மறுநாளே ஒன்றியத்திடம் போனேன். அவர் நாள் பார்த்துச் சொன்னார். எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து வருகிறது, எம்.எல்.ஏ. வருகிறார். கிளம்பும்போது கார் கண்ணாடியை இறக்குவார். அந்தச் சமயத்தில் நான் கேட்டுக்கொள்ளலாம்.

"நீட்டாத கிளை. அவருக்கு இன்னும் ரெண்டு சாவு, ஒரு மஞ்சத்தண்ணி கீது. ஒரே வரில சொல்லு."

அந்த ஒரு வரியை என் மனைவி எனக்குப் பாடம் நடத்தினாள். அவள்தான் எம்.எல்.ஏ. அடுப்பு மேடைதான் கார்க் கண்ணாடி. "பஸ் ஸ்டேஜ் ஒண்ணு எங்க ஊருக்கு வேணும் தலைவரே." நூறு தடவை சொல்லியிருப்பேன். சட்டினி அரைக்கும்போது சொன்னேன். பல் தேய்க்கும்போது சொன்னேன். காதுகுத்துக்கு நாற்காலி இறக்கும்போது ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒருமுறை சொன்னேன். அத்தனை நாற்காலிகளும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டன.

எம்.எல்.ஏ. வந்தார். மொய் வைத்தார். குழந்தையைத் தூக்கினார், குழந்தை அழுதது, இறக்கினார். காரில் ஏறினார். கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஏசிக் காற்று என் மூஞ்சியில் அடித்தது. பின்னால் ஒன்றியம் என் முதுகில் விரலால் குத்தினார்.

"சொல்லுப்பா" என்றார் எம்.எல்.ஏ.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

"ஸ்டேஜ் ஒண்ணு எங்க ஊருக்கு வேணும் தலைவரே" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ரோடு, தண்ணி, பட்டா என்றே கேட்டுக் கேட்டுச் சலித்த மனிதர். "அவ்ளோதானா? செஞ்சிடுவோம்" என்றார். முன் சீட்டில் இருந்த உதவியாளரிடம், "குறிச்சுக்க" என்றார். கண்ணாடி ஏறியது.

நான் வீட்டுக்குப் பறந்தேன். "செஞ்சிடறேன்னு சொல்ட்டாரு. அவர் வாயாலயே." அன்று எனக்குச் சங்கரா மீன் நடுத்துண்டு விழுந்தது. தெருப் பெண்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். 'பஸ்' என்ற சொல் காதுகுத்து வீட்டு வாசலிலேயே என் தொண்டைக்குள் விழுந்து கிடப்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் காதுக்குள் முழு வாக்கியமும் கேட்டது. நூறு தடவை சொன்னதன் பலன். சொல்லாததும் சொன்ன மாதிரியே இருந்தது.

சூப்பர்வைசர் சொன்னதிலிருந்து, முகூர்த்தம் வந்தால் முந்தின ராத்திரியே நாற்காலிகளை இறக்கிவிட்டு, காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். தை பிறந்ததும் ஊர் முனைப் புறம்போக்கில் வந்து சுண்ணாம்புத்தூள் கொட்டி அளந்தார்கள். பெண்கள் வேலைக்குப் போகும்போது நின்று பார்த்தார்கள்.

"இவ்ளோ பெருசாவா பஸ் ஸ்டாப்பு கட்றாங்கோ?"

"நம்ம கூட்டம் நிக்க வாணாமா?"

தூண் எழும்பியது. தரை எழும்பியது, ஆள் மார்பு உயரத்துக்கு எழும்பியது. இவ்வளவு உயரத்திலிருந்து பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று எனக்கு லேசாக உறுத்தியது. தாழ்தளப் பஸ் என்பது போல் உயர்தளப் பஸ் ஏதாவது விடப்போகிறார்களோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சுவர் எழும்பியது. சாலைப் பக்கம் முழுக்கச் சுவர். திறந்த பக்கம் ஊரைப் பார்த்தது. அன்றைக்கு மேஸ்திரிக்கு டீ வாங்கிக்கொண்டு போனேன். அவர் டீயை வாங்கிக்கொண்டு, மேலே கை காட்டிக் கேட்டார்.

"அண்ணாத்த, ஸ்க்ரீன் தொங்க வுட கம்பி வெக்கணுமா, இல்ல கொக்கி போதுமா?"

"எதுக்கு ஸ்க்ரீனு?"

"நாடகம் போட்டா மூடித் தொறக்க வாணாமா? கலையரங்கம்னா ஸ்க்ரீன் இல்லாமயா?"

எனக்கு அப்போது பதற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் முதல் தடவை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு, கன்னத்தைத் தொட்டால் அடுத்தவன் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. கார் கண்ணாடி, ஏசிக் காற்று, அவர் முகம் மலர்ந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. "கொக்கி போதும்" என்றேன். டீ கிளாஸ்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தப்போகிறாள் என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன். அரிவாள்மணையில் அடுத்த மீனை வைத்தாள்.

"ஸ்டேஜு" என்றாள்.

"ம்."

"ஆடறதுக்கு."

"ம்."

செதில் உரிக்கிற சத்தம் கேட்டது. நடுத்துண்டைப் பற்றிக் கேட்கிற தைரியம் எனக்கில்லை. பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒன்றியத்திடம் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"யோவ் கிளை, இத என்னாண்ட சொன்னதே எனக்குத் தெரியாது. அவரு நிதியில எத்தினி ஊரு ரோடு கேட்டு நிக்கிது, உங்க ஊர்க்காரன் கலை உணர்ச்சியோட கேட்டான்னு மாவட்டத்துல பெருமையா பேசிகினு கீறாரு. இப்ப போயி அது இல்ல, பஸ்ஸுன்னு சொன்னா இன்னா நினைப்பாரு? கல்வெட்டுல உன் பேரு வேற வருது."

"என் பேரா?"

"முயற்சி: கிளைச் செயலாளர். பேரோட."

என் பெயரை ஏதாவது ஒன்றில் பொறிப்பார்கள் என்றால் அது குடத்தில்தான் என்று நினைத்திருந்தேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டபிறகு. நாற்காலி என்னுடையது, இலவசம். கட்சிக்காரன் கட்சியிடம் வாடகை வாங்கக் கூடாதாம். மகளிரணிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு என் மனைவிக்கு. அவள் மறுக்கவில்லை. ஒரே கலர் சேலையில் தெருப் பெண்களை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தம் அடிக்கடி கேட்டது. ஒவ்வொரு தடவையும் முன்வரிசைத் தலைகள் லேசாகத் திரும்பின. வேலைக்குப் போகிறவர்களுக்குக் காதிலேயே கடிகாரம்.

எனக்கு நன்றியுரை. அதுதான் வழக்கம். எல்லாரும் எழுந்து வேட்டியை உதறுகிற நேரத்தில் பேசுகிற பேச்சு. ஆனால் அன்று எம்.எல்.ஏ., "கேட்டு வாங்கின தம்பி பேசட்டும், கேட்டுட்டுப் போவோம்" என்று உட்கார்ந்துவிட்டார். ஊரே உட்கார்ந்தது. மைக் முன்னால் போய் நின்றேன். ஜெனரேட்டரை எதிர்பார்த்தேன். ஓடவில்லை. உள்ளங்கை காய்ந்திருந்தது. மேஸ்திரி கேட்ட அன்றைக்குப் போட்ட ஊசி இன்னும் இறங்கவே இல்லை.

அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: பயம் இல்லை என்றால் வாக்கியம் முழுசாக வருமே. சொல்லிவிடலாமே.

"தலைவருக்கு வணக்கம்" என்றேன். முதல் சொல் விழவில்லை. "நாங்க கேட்டது இந்த ஸ்டேஜ் இல்ல. பஸ் ஸ்டேஜ். எங்க வூட்டுப் பொம்பளைங்க நாவலூருக்கு வேலைக்குப் போறாங்க. பஸ் இங்க நிக்காது. நடந்து போயி லேட்டாவுது. எங்க வூட்டம்மாவுக்கு இன்னொரு தடவ லேட்டான்னா வேல போய்டும். அன்னைக்குக் கார்ல உங்களப் பாத்த பயத்துல பஸ்ஸ முழுங்கிட்டு ஸ்டேஜ மட்டும் கேட்டுட்டேன். பஸ்ஸு இன்னும் வயித்துலதான் கீது."

ஊர் சிரித்தது. முதலில் பின்வரிசை, பிறகு பக்கவாட்டில் நின்றவர்கள். என் மச்சான் எதிர்க்கட்சி என்பதையும் மறந்து விசிலடித்தான். நான் வாயைத் திறந்தால் சிரித்துப் பழகியவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பழக்கியவன் நான். எம்.எல்.ஏ. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "முழுங்கிட்டானாம்" என்று ஒன்றியத்தின் தொடையில் தட்டினார். ஒன்றியம் தட்டப்பட்ட தொடையோடு பயந்து பயந்து சிரித்தார்.

"நெசமாத்தான் தலைவரே" என்றேன்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

முன்வரிசையில் ஒரே கலர்ச் சேலைகள் சிரிக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. நான் ஒருவழியாகச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால் பிரயோஜனம் இல்லை என்பதும் தெரிந்தது. எம்.எல்.ஏ. எழுந்துவந்து எனக்குச் சால்வை போர்த்தினார். "இப்படி ஒருத்தன் எல்லாக் கிளையிலயும் இருந்தா கட்சி எங்கியோ போய்டும்" என்றார். அவர் இறங்கும்போது என் மனைவி எழுந்து காரை நோக்கி நடந்தாள். "தலைவருக்கு அடுத்த நிகழ்ச்சி கீதும்மா" என்று ஒன்றியம் குறுக்கே நின்றார். கண்ணாடி இறங்கவில்லை.

அதற்குப் பிறகு பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். அரங்கம் திறந்தால் ஆட வேண்டுமே. ஆடினார்கள். நடு ராத்திரி தாண்டியும் ஆட்டம் நிற்காததால் நாற்காலிகளைத் திரும்ப எடுக்க முடியவில்லை. திங்கட்கிழமை முகூர்த்தம். புதுப்பட்டினத்தில் கல்யாணம், அத்தனை நாற்காலியும் விடிகிறதற்குள் அங்கே போக வேண்டும். இருட்டோடு எழுந்து அரங்கத்துக்கு முன்னால் கிடந்தவற்றை அடுக்க ஆரம்பித்தேன். என் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். வண்டியில் நாற்காலி ஏறிக்கொண்டிருந்தது.

"நடக்கறேன்" என்றாள்.

"கொஞ்சம் இரு, இறக்கிட்டு வந்து..."

"நீ எறக்கிட்டு வர்றதுக்குள்ள அங்க மதியச் சோறு போட்ருவாங்கோ."

போய்விட்டாள். நான் ஏற்றிமுடித்துக் கிளம்பும்போது சாலையில் பஸ் எனக்கு எதிரே வந்து, எங்கள் அரங்கத்தின் முதுகைத் தாண்டி, போயிற்று. அவள் அடுத்த ஊரை எட்டியிருக்க மாட்டாள் என்று கணக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டே கல்யாண வீட்டுக்குப் போய் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வரிசை கோணல் என்றார்கள். நேராக்கினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவள் இருந்தாள். சேலை மாற்றி, சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மெஷினில் விரல் வைத்திருக்கிறாள். அது நேரத்தைச் சொல்லியிருக்கிறது. சூப்பர்வைசர் நல்ல மனிதர்தானாம். வருத்தப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதனால் இருப்பதிலேயே உதவாத கேள்வியைக் கேட்டேன்.

"எப்டி வந்த?"

"பஸ்லதான்."

"அடுத்த ஊர்லேர்ந்து நடந்தா?"

"இல்ல. நம்ம முனையிலயே எறங்கினேன். பஸ்ஸுல ஆளே இல்ல. நிறுத்துப்பான்னேன், நிறுத்திட்டான்."

ரசம் ஊற்றினாள். இருவரும் சாப்பிட்டோம். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். மின்விசிறி சுற்றுகிற சத்தம். ஏதாவது தமாஷ் சொல்லலாம் என்று வாய் தேடியது. வாய்க்கு அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் அவள் சிரித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. எனக்கும் அழுகை வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. வயிற்றுக்குச் சோறு போனது மட்டும் தெரிந்தது.

கை கழுவும்போது சொன்னாள்.

"எங்க அண்ணங்கட்சி மகளிரணில சேரப்போறேன்."

"கோவமா?"

"இன்னாத்துக்குக் கோவம். நீ நேத்து சரியாதான் பேசன. அங்க யாருக்கும் காதுல ஏறல. உன் மூஞ்சி அப்டி."

"உங்க அண்ணன் கட்சி மட்டும் பஸ்ஸ நிறுத்திக் கிழிச்சிடுமா?"

"நிறுத்தாது. ஆனா அங்க போயி கேக்கப் போறது நானு."

"ஒன்றியத்துக்குத் தெரிஞ்சா என் பதவி போய்டும்."

"எனக்கு வேல போய்ச்சி" என்றாள். குரல் ஒரே உயரத்தில்தான் இருந்தது.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். அந்தப் பக்கம் அவன் நேற்றைய விழாவைச் சொல்லிச் சிரிப்பது எனக்கே கேட்டது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"முட்ச்சியா? இப்ப நான் சொல்றத எழுதிக்க அண்ணாத்த. நாளைக்கு உங்க ஆளுங்ககூட டிப்போ மேனேஜரப் பாக்கறோம், நாங்க எல்லாருமா வர்றோம், நான்தான் பேசுவேன். இன்னா பேசப் போறேன்னா? எழுதிக்க. பஸ்ஸு. மொதல்ல பஸ்ஸுன்னு எழுது. அதுக்கப்பால ஸ்டேஜு."